செட்டில் பண்ணிவிடாதே, அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், அங்கே உன் சுகத்துக்குக் காத்திருக்கிறோம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதம் எல்லாமே அப்படித்தான் தொடங்கும். இன்று அம்மா சொல்லவில்லை, தூங்குகிறாள். அடுத்த அறையில் மாமாவும் தூங்குகிறார் என்றுதான் நினைக்கிறேன், குறட்டை நின்று நின்று வருவதால் நம்ப முடியவில்லை. போர்வைக்குள் டார்ச்சை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். எதிர்வீட்டு நர்ஸ் லீவு முடிந்து நாளை உன் ஊருக்குக் கிளம்புகிறாள். அவளிடம் அம்மா பின்னிய ஸ்வெட்டரும், அம்மா சொல்லி நான் எழுதிய கடிதமும் வரும். அந்தக் கடிதத்தில் நீ கையெழுத்துப் போட வேண்டிய தாள் ஒன்றை வைத்து ஒட்டியது மாமா. இது மட்டும் ஸ்வெட்டரின் இடது கைக்குள் இருக்கும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, தையல் மெஷினை மிதிக்கிறாள். மாமாவின் பெயிண்ட் கடை ஷட்டர் பாதிதான் ஏறுகிறது, கேட்டால் ரிப்பேர் என்கிறார், எனக்கென்னவோ யாரோ வந்தால் சட்டென்று இறக்க வசதியாக வைத்திருக்கிறார் என்று தோன்றுகிறது. நீ முதல் வேலையில் வாங்கிய கிரெடிட் கார்டை அம்மாவின் மருந்துக்கு என்று வீட்டில் விட்டுப் போனாயே, அது இப்போது அவர் பர்ஸில்தான், தேய்ப்பதும் அவர்தான். வங்கியிலிருந்து வரும் போன்கூட அவருக்குத்தான் வருகிறது. போன வாரம் பின்பக்கம் போய், எங்களுக்குக் கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டுப் பேசினார். தொட்டியில் தண்ணீர் தீர்ந்தது, பேச்சு தீரவில்லை. சமையலறை ஜன்னலுக்கு உள்பக்கம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். "பாதி கட்டுறேன், மீதிய நீங்க விட்டுடுங்க. கார்டை மூடி செட்டில்டுன்னு போட்டுக்குங்க. பொண்ணு கையெழுத்து என் பொறுப்பு" என்றார். உள்ளே வந்து அம்மாவிடம், கடன் எல்லாம் தீர்ந்த மாதிரிதான், "கார்டும் செட்டில், உன் பொண்ணும் செட்டில் அக்கா" என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. செட்டில் என்றால் அவளுக்குச் சொந்த வீடு, சாவிக்கொத்து, நீ நிம்மதியாகத் தூங்குவது.

எனக்கும் அப்படித்தான் தெரியும். இருந்தாலும் அன்றைக்கு மாமா எனக்குப் புதுப் பேனா வாங்கி வந்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக இருந்தது. கேட்காமலே வாங்கித் தருகிற ஆளா அவர்? வணிகவியல் டீச்சரிடம் ஒரு சிநேகிதிக்காக என்று கேட்டேன். "பதினோராம் வகுப்புல கார்டு வச்சிருக்கிற அந்த மகராசி யாருடி?" என்று சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. முழுசாகக் கட்டி மூடினால் மூடியது என்று பதிவாகுமாம். பாதி கட்டி வங்கி மீதியைக் கைகழுவினால்தான் செட்டில்டு என்று போடுவார்களாம். நம் வாயில் அது நல்ல வார்த்தை, வங்கிகள் பார்க்கும் கடன் அறிக்கையில் கரும்புள்ளி. கார்டை மூடினாலும் அந்த வரி பல வருஷம் அழியாது, வீட்டுக் கடன் கேட்கிறவள் பெயருக்கு நேரே முதலில் கண்ணில் படும் என்றார். முழுசாகக் கட்டினாலும் அவசரப்பட்டு மூடாதே, ரொம்பப் பழைய கார்டு, அது போனால் மொத்தக் கடன் வரம்பு குறையும், வேறு கார்டு இருந்தால் அதன் பாக்கி பெரிதாகத் தெரியும் என்றும் சொன்னார். உனக்குத்தான் கட்டில் மெத்தை வாங்கிய இன்னொரு கார்டு இருக்கிறதே. மாமா தெரியாமல் செய்கிறாரா, தெரிந்தே செய்கிறாரா, எனக்குப் புரியவில்லை. தெரியாது என்றால் குழாயை ஏன் திறக்க வேண்டும்?

உன் கடன் அறிக்கையை நீயே கேட்டு வாங்கிப் பார். பாக்கி எவ்வளவு என்று வங்கியிடம் நேராகக் கேள், அங்கே பதிந்திருக்கும் போன் நம்பரை உன்னுடையதாக மாற்று. அந்தத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதே, நீ கேட்டிருக்கும் வீட்டுக் கடன் போய்விடும். நான் சொன்னதாக யாரிடமும் சொல்லாதே. நீ அங்கே இருக்கிறாய், நான் இங்கே அவரோடு ஒரே மேஜையில் சாப்பிட வேண்டும். உனக்குப் புத்தி சொல்லும் வயதில்லை எனக்கு, ஆனால் வேறு எப்படிக் கடிதம் எழுதுவது என்று தெரியவில்லை, அம்மா மாதிரிதான் வருகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. நோய்நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நூறு வயது இரு. நீ போன் செய்யும்போது மாமா ஸ்பீக்கரில்தான் போடச் சொல்வார். இது கிடைத்திருந்தால், ஸ்வெட்டருக்கு இடது கை கொஞ்சம் நீளம் என்று அம்மாவிடம் சொல். என் அளவு தப்பவே தப்பாது என்று அம்மா சண்டைக்கு வருவாள், வரட்டும். எனக்கு மட்டும் மூச்சு வரும்.

இப்படிக்கு,
இத்தனை நாள் அம்மாவின் கையெழுத்தாக மட்டும் இருந்த
உன் தங்கை