தொடாத முதுகு

ஐயா,

இன்று காலை மண்டைதீவிலிருந்து கடற்றொழில் செய்யும் ஒருவர் நாரி நோ, இடுப்புப் பிடிப்பு என்று என் சிகிச்சை அறைக்கு வந்தார். வள்ளம் இழுக்கும்போது பிடித்ததாம். சேட்டைக் கழற்றிவிட்டு எனக்கு முதுகைக் காட்டியபடி வாங்கில் உட்கார்ந்தார். வரும் வழியில் கோயிலுக்குப் போயிருப்பார் போலும். தோளில் பூசிய திருநீறு வியர்வையில் நனைந்து, சந்தனமும் கர்ப்பூரமும் கலந்த உங்கள் மணம் எழுந்தது. நான் அசையாமல் நின்றுவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, "என்ன தங்கச்சி, பெரிய வருத்தமோ?" என்று பயந்து கேட்டார். "இல்லை அண்ணை, ஒண்டுமில்லை" என்றேன். அவருக்கு ஒன்றுமில்லைதான். தசை பிடித்திருக்கிறது, ஒரு கிழமையில் மாறிவிடும்.

அவரை அனுப்பிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். நீங்கள் போய் ஒன்பது வருடமாகிறது. உயிரோடு இருந்த காலத்தில் உங்களுக்கு நான் எழுதித் தந்தது ஒரே ஒரு கடதாசி. பயிற்சியை எப்படிச் செய்வதென்று படம் கீறித் தந்த கொப்பித்தாள் அது.

சரவணை ஊரிலிருந்து வரும் எங்களுக்கு அனலைதீவு என்றால் சின்னம்மா வீடும் உங்கள் பிள்ளையார் கோயிலும்தான். ஊர்காவற்றுறையில் வள்ளம் ஏறி, ஒவ்வொரு திருவிழாவுக்கும் வந்துவிடுவோம். சின்னக் கோயில். குருக்களும் நீங்கள்தான், மடைப்பள்ளியும் நீங்கள்தான், கிணற்றில் தண்ணீர் அள்ளி வந்து அபிஷேகம் செய்வதும் நீங்கள்தான். பாவாடை கட்டிய காலத்திலிருந்து உங்கள் கையால்தான் திருநீறு வாங்கினேன். வாங்கினேன் என்று சொல்வதும் சரியில்லை. உங்கள் விரல்கள் மேலே நிற்கும், என் உள்ளங்கை கீழே விரிந்திருக்கும், திருநீறு நடுவில் விழும். அத்தனை வருடத்தில் இரண்டு கைகளும் ஒரு தடவைகூட முட்டியதில்லை. அப்படித்தான் எங்களை வளர்த்தார்கள். அதில் எனக்கு எந்தக் குறையும் தெரிந்ததில்லை.

கொழும்பில் பிசியோதெரப்பி படித்துவிட்டு நான் வந்தபோது, "எண்ணெய் பூசி உருவிறதுக்கு என்னத்துக்கடி கொழும்பு மட்டும் போனனி? உன்ரை அம்மம்மா போகாமலே உருவினவ" என்று சின்னம்மா ஊரெல்லாம் சிரிக்க வைத்தா. நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. "உருவிறது வேறை, இது வேறை. எலும்பின்ரை நடப்பு அறிஞ்ச பிள்ளை" என்று கோயில் வீதியில் நாலு பேர் கேட்கச் சொன்னீர்கள். அந்த ஒரு சொல்லுக்காக அன்றைக்கு நான் எவ்வளவு தலை நிமிர்ந்து நடந்தேன் தெரியுமா? எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. படித்த திமிரும் கொஞ்சம் இருந்தது.

அடுத்த வருடத் திருவிழாவின் ஐந்தாம் நாள், மத்தியானப் பூசை முடிந்த பிறகு நீங்களே ஆளனுப்பிக் கூப்பிட்டீர்கள். உங்கள் வீட்டு விறாந்தையில், நான் அம்மா என்று கூப்பிடும் உங்கள் மனைவி பாய் விரித்து வைத்திருந்தா.

"பிள்ளை, நாரி பிடிச்சது விடுகுதில்லை. ரெண்டு மாசமாச்சு. ஒருக்கால் பாப்பீரோ?"

நான் ஓம் என்று சொல்லி முடிப்பதற்குள் சால்வையை எடுத்து மடித்து வைத்துவிட்டு, பாயில் குப்புறப் படுத்துவிட்டீர்கள். நான் பக்கத்தில் முழங்காலில் இருந்து கையை நீட்டினேன். அப்போதுதான் உங்கள் மணிக்கட்டைக் கண்டேன். கொடியேற்றத்தன்று கட்டிய காப்பு. தர்ப்பையும் மஞ்சள் நூலும். திருவிழா முடியும்வரை அது அவிழாது, வெளியாள் தொடுவதும் ஆகாது. என் கை தானாகவே மடிக்குத் திரும்பிவிட்டது.

"எழும்புங்கோ ஐயா. நான் தொடாமலே பாக்கிறன்" என்றேன்.

நீங்கள் தலையைத் திருப்பிப் பார்த்தீர்கள். "தொடத் தேவையில்லையோ?"

"தேவையில்லை ஐயா."

முதலில் கண்ணால் பார், பிறகு கையால் தொடு, அதன் பிறகு அசைத்துப் பார் என்று மூன்று வருடம் எங்கள் மண்டையில் ஏற்றியிருந்தார்கள். நடுவில் உள்ளதை நான் எடுத்துவிட்டேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. மரியாதை என்று நினைத்துச் செய்தேன். அந்த நேரம் என் மனதுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது, படித்து வந்தும் ஆசாரம் மறக்கவில்லை பார் என்று.

எங்கே நோகிறது என்று கேட்டேன். நீங்கள் கையைப் பின்னால் வளைத்து இடுப்புக்கு மேலே காட்டினீர்கள். ஒரு மனிதன் தன் முதுகில் கை எட்டும் இடத்தைத்தான் காட்டுவான், நோ இருக்கும் இடத்தை அல்ல. இதைத் தெரிந்துகொள்ளத்தான் தொட வேண்டும் என்பது. குனிந்து காட்டச் சொன்னேன். பலகையைப் போல இடுப்பிலிருந்து கொஞ்சம் சரிந்தீர்கள், அவ்வளவுதான். அம்மா கொண்டு போன தட்டத்திலிருந்து ஒரு செவ்வரத்தம்பூ நிலத்தில் விழுந்தது. அதை எடுக்க நீங்கள் குனியவில்லை. முதுகை நிமிர்த்தியபடி, ஒரு கையைத் துடையில் ஊன்றி, மெல்லக் குந்தி எடுத்தீர்கள். எலும்பில் வருத்தம் உள்ளவன் நிலத்தில் கிடக்கும் பொருளை அப்படித்தான் எடுப்பான் என்று நான் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவள். ஆனால் அன்று என் கண்ணுக்கு அது சுவாமி பூவை எடுக்கும் பக்குவமாகத் தெரிந்தது.

பின்னேரத்தில் உடம்பு கொஞ்சம் காயும் என்றீர்கள். திருவிழாக் களை என்று நீங்களே சொல்லியும் விட்டீர்கள். மெலிந்திருந்தீர்கள். விரதம் என்று நான் நினைத்தேன். மூலஸ்தானத்து வாசல் பதிவு, ஒரு நாளைக்கு முப்பது தடவை குனிந்து நுழைகிறீர்கள், வாளி வாளியாகத் தண்ணீர் சுமக்கிறீர்கள். நாரி பிடிக்காமல் என்ன செய்யும்? எல்லாவற்றுக்கும் திருவிழா ஒரு காரணம் தந்தது, நானும் தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

பிறகு அந்தக் கொப்பித்தாள். மல்லாந்து படுத்து, இரண்டு முழங்கால்களையும் நெஞ்சோடு இழுத்துப் பிடிக்க வேண்டும். காலையில் பத்து, மாலையில் பத்து. நாரிப்பிடிப்புக்கு நல்ல பயிற்சிதான். உள்ளே அரித்துப்போன முள்ளந்தண்டை அதைவிட விரைவாக நொறுக்க வேறு வழியில்லை. படத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் சிரித்தீர்கள். "பிள்ளையாருக்குப் போடுற தோப்புக்கரணம் காணாதெண்டு இந்தப் பிள்ளைக்கும் ஒரு கரணமோ?"

இரண்டரை மாதம் கழித்து உங்களை வள்ளத்தில் கொண்டு வந்தார்கள், ஒரு பழைய கதவுப் பலகையில் கிடத்தி. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. நான் வேலை செய்த ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தீர்கள். வார்டில் இருந்து வந்த துண்டில் உங்கள் பெயரை வாசித்தபோது, வேறு யாராவது ஐயராக இருக்கட்டும் என்று வேண்டினேன். இன்னொருவர் தலையில் விழட்டும் என்று பிள்ளையாரிடமே கேட்ட ஆள் நான்.

கட்டிலில் என்னைக் கண்டதும் உங்கள் முகம் மலர்ந்தது. "வாரும் பிள்ளை. உம்மடை கரணத்தை ஒரு நாளும் விடேல்லை. நொந்தாலும் விடேல்லை."

எக்ஸ்றே படத்தில் இரண்டு முள்ளெலும்புகள் கரைந்து ஒன்றன்மேல் ஒன்று சரிந்திருந்தன. சயரோகம், நெஞ்சில் வராமல் எலும்பில் வந்தது. "ரெண்டு மாதம் முந்திக் கண்டுபிடித்திருந்தால் கால் தப்பியிருக்கும்" என்றார் டொக்டர், யாரைப் பார்த்தும் இல்லாமல். நான் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதுகுக்குச் சாந்துக்கட்டுப் போடுவதற்கு முன் உங்களைப் பக்கவாட்டில் திருப்பினார்கள். "இப்ப தொட்டுப் பாரும்" என்றீர்கள். தொட்டேன். கழுத்தடியிலிருந்து விரலை ஒவ்வொரு முள்ளாக இறக்கிக்கொண்டு வந்தேன். நீங்கள் அன்று காட்டிய இடத்துக்கு ஒரு சாண் மேலே விரல் தட்டுப்பட்டு நின்றது. ஒரு முடிச்சு. மடக்கிய விரலின் மொளி அளவு. கண் தெரியாதவள்கூட அரை நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பாள்.

சுவரைப் பார்த்தபடி படுத்திருந்த நீங்கள் கதை சொல்வதைப் போலச் சொன்னீர்கள்: "அண்டைக்கு அம்மா கிணத்தடியிலை ரெண்டு வாளி தண்ணி அள்ளி வைச்சிருந்தவ. நீர் தொட்டுப் பாத்தாப் பிறகு முழுகிப்போட்டுப் பின்னேரப் பூசைக்குப் போவம் எண்டுதான் உம்மைக் கூப்பிட்டனான். பிறகு அந்தத் தண்ணியைப் பூங்கண்டுக்கு ஊத்தினவ."

குறை சொல்லும் குரல் அல்ல அது. குறை சொல்லியிருக்கலாம் ஐயா. ஒரு தடவை என்னைத் திட்டியிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன்.

அதன் பிறகு ஏழு மாதம். தினமும் உங்கள் கால்களை மடக்கி நீட்டுவது என் வேலை. மூட்டுகள் இறுகிப் போகாமல் இருக்க வேண்டும் அல்லவா, நடக்கப் போகிறவருடைய கால்களைப் போலவே பார்த்துக்கொண்டேன். "நீர் தொடுறது கண்ணாலை பாத்தாத்தான் தெரியுது பிள்ளை" என்றீர்கள் ஒரு நாள். அடுத்த திருவிழாவுக்குக் கொடியேற்ற எழும்பிவிடலாமா என்று முதல் மாதங்களில் கேட்பீர்கள். பிறகு கேட்பதை விட்டுவிட்டீர்கள். கோயிலுக்கு வேறு ஐயர் வந்துவிட்டார் என்று அம்மா சொன்ன நாளில், கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த உங்கள் கையை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

கடைசி மாதத்தில், படுக்கைப்புண்ணும் காய்ச்சலும் விடாமல் பிடித்திருந்த ஒரு காலைநேரம், அம்மா பக்கத்தில் கதிரையில் இருந்தா. நீங்கள் மெல்லக் கேட்டீர்கள்.

"பிள்ளை, ஒண்டு கேப்பன். அண்டைக்குத் தொட்டிருந்தா, தெரிஞ்சிருக்குமோ?"

அம்மா என்னைப் பார்த்தா. நீங்களும் பார்த்தீர்கள்.

"இல்லை ஐயா" என்றேன். "அந்த நேரம் கைக்குத் தெரிஞ்சிருக்காது."

"அப்ப நான்தான் பிந்திப்போனன்" என்றீர்கள். அம்மாவின் பக்கம் திரும்பி, "கேட்டீரோ, நான்தான் நோவை வைச்சுக்கொண்டு திரிஞ்சிட்டன். பிள்ளையிலை ஒரு பிழையுமில்லை" என்றும் சொன்னீர்கள். பதினொரு நாளில் போய்விட்டீர்கள்.

அம்மா அதை அப்படியே நம்பிவிட்டா. ஒவ்வொரு வருடத் திவசத்துக்கும் அனலைதீவுக்குப் போகிறேன். ஒவ்வொரு தடவையும் உங்கள் படத்தைப் பார்த்து அம்மா ஏசுகிறா. "நேரத்துக்கு வாய் திறந்து சொல்லியிருந்தா இந்த மனுசன் இண்டைக்கும் இருக்கும். தன்ரை உடம்பிலை ஒரு அக்கறையில்லை. இந்தப் பிள்ளை என்ன செய்யும், பாவம்!" ஏசிவிட்டு எனக்கு வாழைப்பழமும் பாலும் தருவா. நான் சாப்பிடுகிறேன். தொண்டையில் இறங்குகிறது, அதுதான் எனக்கு விளங்கவில்லை.

இப்போதெல்லாம் என்னிடம் வரும் எவரிடமும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "தொடலாமோ?" குருக்கள், மௌலவி, பாதிரியார், புதுப்பெண், எட்டு வயதுப் பிள்ளை, யாராக இருந்தாலும். சிலர் சிரிப்பார்கள். "தொடத்தானே பிள்ளை வந்தனாங்கள்!" இந்த ஒன்பது வருடத்தில் வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. ஒருவராவது சொல்லிவிடமாட்டாரா, அன்று நான் தொடாமல் விட்டது சரியென்று ஆகிவிடாதா என்று நான் காத்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். நான் அதை நாளுக்கு இருபது தடவை செய்கிறேன். பஸ்ஸில் எனக்கு முன்னால் இருப்பவரின் முதுகைக்கூட என் கண் ஒவ்வொரு முள்ளாக இறங்கிப் பார்க்கிறது. என் நடுவிரல் நுனியில் உங்கள் முடிச்சு இன்னமும் இருக்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் அது அங்கேதான் இருக்கிறது.

இதை அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். உங்களை ஏசுவதை அவ நிறுத்த வேண்டும், ஏச வேண்டிய ஆளை அவ அறிய வேண்டும். அடுத்த திவசத்துக்குச் சொல்வேன் என்று எழுதப் பேனையை எடுக்கிறேன், எழுத வரவில்லை. அதற்கு முன் உங்களிடமாவது சொல்லிப் பழகுகிறேன்.

ஓம் ஐயா. தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். நீங்கள் பிந்தவில்லை. நேரத்துக்குத்தான் என்னைக் கூப்பிட்டீர்கள்.