வெறும் தண்ணீரில் நாலு வாத்து

ஜனவரி 11, ஞாயிறு, இரவு 9.40. ஏரியில் நான் எண்ணிய வாத்துகள் 23. அப்பாவின் கணக்கில் 27.

குடும்பத்தோடு பறவை பார்க்கப் போயிருந்தோம். அப்பாவின் கண்மீது எனக்குக் கொஞ்ச நாளாகவே சந்தேகம். பைனாகுலரைக் கொடுத்து, வெறும் தண்ணீரைக் காட்டி, "அங்க நாலு தெரியுதாப்பா?" என்றேன்.

"தெரியுதே. நாலும் சோக்கா கீது."

"அங்க ஒண்ணுமே இல்ல. வேன் சாவியக் குடுங்க."

"இன்னாடா, எனக்கே டெஸ்ட் வெக்கிறியா?" என்று கத்தினார்.

"பெத்த அப்பன மடக்கிப் பாக்குறியே, வெக்கமா இல்ல?" என்றாள் அம்மா.

இல்லை. நாங்கள் போன வேன், அப்பா ஓட்டும் பள்ளி வேன். தினமும் மலை வளைவுகளில் ஓட்டுகிறார். சாவியைப் பிடுங்கி நானே ஓட்டி வந்தேன்.

1. சாவி என்னிடமே இருக்கும்.
2. காலையில் வேனை நான் ஓட்டுவேன். பிள்ளைகள் 18.
3. பிறகு போளூர் கண் டாக்டரிடம் அவரை இழுத்துப்போவேன். அதற்கப்புறம் என்னோடு பேசாவிட்டால் பேசவேண்டாம்.