ஊறாத கரி

என்னங்க,

சாப்பாடு அடுப்படியில் மூடியிருக்கிறது, சூடுபண்ணிக்கொள்ளுங்கள். கொட்டகைச் சாவி அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது. பால்காரர் கரி மூட்டை கேட்டு வந்தால் கொடுக்கவேண்டாம்.

கத்தரிச்செடி மஞ்சளானதற்கு நீங்கள் தண்ணீரைக் கொட்டியதுதான் காரணம் என்று மூன்று நாளாக உங்களை வறுத்தெடுத்தேன். நேற்று ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு போய் விவசாய ஆபீஸ் அம்மாவிடம் காட்டினேன். "சோளத்தட்டையைச் சுட்ட கரிய அப்படியே மண்ணுல போட்டீங்களா? சாணிக் கரைசல்ல ஊற வைக்கலையா?" என்று கேட்டார். அப்படியேதான் போட்டிருந்தேன். ஊறிய கரிதான் உரமாம். ஊறாத கரி, செடிக்குப் போகவேண்டிய சத்தைத் தானே இழுத்து வைத்துக்கொள்ளுமாம். கரி உரம் செய்யும் பயிற்சிக்குப் போனது நான்தான். பஸ் போய்விடும் என்று பாதியில் எழுந்து வந்ததும் நான்தான்.

அதே கரியை ஆறு வீட்டுக்கு வாரிக் கொடுத்திருக்கிறேன். நாளை அவர்களுக்கு விதைப்பு. மண்ணில் கலப்பதற்குள் போய்த் தடுக்கவேண்டும். வர மத்தியானம் ஆகும்.

நம் செடி பிழைத்துக்கொள்ளுமாம். தொட்டியில் சாணி கரைத்து வைத்திருக்கிறேன். மேலாகத் தெளிந்ததை மொண்டு, வெயில் ஏறுவதற்குள் வேரில் ஊற்றிவிடுங்கள்.

மறந்துவிட்டேன்: முதலில் உங்கள் அக்கா வீட்டுக்குத்தான் போகிறேன். "உங்க தம்பி கைய வச்சாலே பயிர் விளங்காது" என்று முந்தாநாள் அங்கே நாலு பேர் முன்னால் சொன்னேன். அந்த நாலு பேரும் இருக்கும்போதே, கெடுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.