இரண்டாவது பிடி

இன்று சனிக்கிழமை. மதியம் உலை கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் இருமல் சத்தம் கேட்டபோதே ஞானமுத்து வந்து நிற்கிறான் என்று தெரிந்துவிட்டது. உன்னை அடக்கம் செய்து மூன்று வாரம் முழுசாக ஆகவில்லை. அதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். எனக்கு வந்த எரிச்சலைக் கட்டிய பெண்டாட்டி உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

அரிசி எடுக்கும்போதெல்லாம் சர்ச் காணிக்கைக்கு ஒரு பிடி தனியே போடுவாய். அது நம் சபையில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். நம் வீட்டில் மட்டும் வேறொரு பானையில் இரண்டாவது பிடி விழும். அது இவன் வீட்டுக்கு; சனிக்கிழமைகளில் நான் வேலையில் இருக்கும்போது வந்து வாங்கிப்போவான்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் நானும் இவனும் பக்கத்துப் பக்கத்தில் நின்று தோலில் ஒட்டிய சதையைச் சீவியவர்கள். ஒரு நாள் இவன் கத்தி பட்டுத்தான் ஒரு தோல் கிழிந்தது. மேஸ்திரி கேட்டதும் என்னைக் கை காட்டிவிட்டான். என்னை நிறுத்திவிட்டார்கள்; அதற்குப் பிறகு ஆறு மாதம் எந்த ஷாப்பிலும் என்னைச் சேர்க்கவில்லை. நீ கஞ்சியில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனாய். பிற்பாடு தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழி இவன் கையை அரித்துத் தின்றது, வேலையும் போயிற்று. "நல்லா வேணும்" என்றேன் நான். நீ அன்றைக்கே இரண்டாவது பிடியை ஆரம்பித்தாய்.

"அவன் புள்ளைங்க இன்னா பண்ணுச்சிங்க?" அவ்வளவுதான் உன் பதில். நான் கத்தினேன். ஒருமுறை பானையை எட்டி உதைத்தேன். நீ சிந்தியதைப் பொறுக்கிப் புடைத்துத் திரும்பவும் போட்டாய். மன்னிப்பது உனக்குச் சுலபமாக வருகிறது, எனக்குத்தான் வரவில்லை என்று நினைத்தேன். என் மேல் விழுந்த பழி உனக்கு உறைக்கவே இல்லை என்றும் நினைத்தேன். அதுதான் ஜாஸ்தி வலித்தது. சர்ச்சில் திருவிருந்து அப்பம் வாங்க நீ எழுந்து போவாய். மனசில் பகையோடு போகக் கூடாதே என்று நான் பாயிலேயே உட்கார்ந்திருப்பேன். இப்படி எட்டு வருஷம்.

இன்று அவனிடம் சொல்லிவிட்டேன். "அவ போய்ட்டா. அவளோட இது முடிஞ்சிது. நான் அவள மாதிரி நல்லவன் இல்ல. உன்ன மன்னிக்கவும் இல்ல."

அவன் நகரவில்லை. "அண்ணி மட்டும் மன்னிச்சிதா? ஒரு தபா கூட என் மூஞ்சிய நிமிந்து பாக்கலண்ணா. 'எங்க ஊட்டுக்காரர் பேர கெடுத்தவன் நீ. உன்னப் பாத்தாலே வயிறு எரியிது. ஆண்டவர் குடுக்கச் சொல்றாரு, குடுக்கறேன், போய்டு'ன்னு கதவ சாத்திக்கும். எல்லா சனிக்கெழமையும் இதே பேச்சுதான்."

உள்ளே போனேன். நீ கடைசியாகப் போட்டுவைத்த அரிசி பானையில் அப்படியே இருந்தது. அவன் பையை வாங்கி அதில் கொட்டினேன். அடுத்த வாரமும் வரச் சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

இப்போது எனக்கு அவனைவிட உன் மேல்தான் கோபம். இத்தனை வருஷம் இந்த வீட்டில் நான் ஒருவன்தான் கல்நெஞ்சன் என்று நினைத்துக் குமைந்தேனே! வயிறு எரிய எரியவும் கொடுக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு நாளாவது இரண்டு பேரும் சேர்ந்து அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு, சேர்ந்தே அள்ளிப் போட்டிருக்கலாமே.