திரித்த மாவு

மே 4, சனி. பிரிந்திசி

பிரஷர் 162/98.

டாக்டரம்மா தினமும் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறாள். "நம்பரை மட்டும் எழுதாதீங்க ஒரோன்ஸோ, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னும் நாலு வரி எழுதுங்க. எதனால ஏறுதுன்னு தெரியட்டும்." சரி. எதனால் ஏறியது என்று எழுதுகிறேன்.

ஆபீசிலிருந்து அடுத்த வாரப் பயணத்தின் தாள் வந்தது. "கையால் பிசைந்த தெற்கு" என்று தலைப்பு. இப்படிப் பெயர் வைக்க மிலானில் எவனோ சம்பளம் வாங்குகிறான். பாரி, மத்தேரா, தாரந்தோ, லெச்சே. ஊருக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு பாஸ்தா, சொல்லிக்கொடுக்க ஒரு பெண்மணி. பெர்காமோவிலிருந்து ஏழு பேர், வழிகாட்டி ஒருத்தி, வண்டி ஓட்ட நான்.

கடைசி நாள் லெச்சே. பெண்மணியின் பெயர்: கொசிமா குவார்த்தா.

என் அக்கா.

வேறு டிரைவரைப் போடுங்கள் என்று போன் செய்தேன். வேறு ஆள் இல்லையாம். "உங்களுக்கு லெச்சே சொந்த ஊர்தானே, சந்தோஷப்படுவீங்கன்னு நினைச்சோம்" என்கிறாள் அந்தப் பெண்.

சந்தோஷம்! கோர்ட்டில் ஏறி நின்று என்னைக் கை காட்டிய மகராசி அவள். பதினோரு வருடமாக அவள் முகத்தில் விழிக்கவில்லை. நகரப் பஸ் வேலை போனது, லைசென்ஸை மூன்று வருடம் பிடுங்கிக்கொண்டார்கள், ஊரை விட்டே வந்தேன். எல்லாம் அவள் வாயால். வெயில் கண்ணில் அடித்தது, ஸ்கூட்டரில் வந்தவன் தெரியவில்லை. விபத்து. யாருக்கும் நடக்கும். கூடப் பிறந்தவள் அதையே சொல்லியிருந்தால் போதும்.

சொல்லவில்லையே.

மே 6, திங்கள். பாரி

158/97.

வழிகாட்டியின் பெயர் லுதோவிகா. வடக்கே பதோவாக்காரி, இருபத்தாறு வயது. தெற்கைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாள். வந்த ஏழு பேரில் ஒருவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். சந்துக்குள் வண்டியைத் திருப்பும்போது பின்னாலிருந்து "இடது, இடது" என்கிறார். நான் இவர் வாயில் கை விட்டு "இடது கடைவாய்" என்றேனா?

பழைய பாரியில், வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு கிழட்டுப் புயலிடம் பாடம். ரவை மாவை வெந்நீரில் பிசைந்து, விரல் தடிமனுக்கு உருட்டி, துண்டு வெட்டி, மழுங்கிய கத்தியால் இழுத்து, கட்டை விரலில் கவிழ்த்தால் காதுமடல் மாதிரி வருகிறது. ஓரெக்கியெத்தே. இரண்டிரண்டு பேராக உட்காரச் சொன்னார்கள். ஏழு ஒற்றை. பல் டாக்டருக்கு ஜோடி இல்லை.

"டிரைவர் சும்மாதானே நிக்கிறாரு" என்றாள் லுதோவிகா.

வேலை பார்க்கிறவன் நிற்பது இவளுக்குச் சும்மா!

உட்கார்ந்தேன். முதல் பத்தும் நசுங்கின. அந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். "யோவ், என்னய்யா இது? ஹாரனா அமுக்குற? உங்க ஊர்ல காது இப்படித்தான் இருக்குமா?"

ஏழு பேரும் சிரித்தார்கள். பல் டாக்டருடையது ஒழுங்காக வந்திருந்தது. முப்பது வருடம் பிறத்தியார் வாயில் விரல் விட்டவன், வராமல் என்ன செய்யும்.

மே 7, செவ்வாய். மத்தேரா

160/98. மூன்று விரலால் இழுக்கும் பாஸ்தா. மறுபடி டாக்டருக்கு ஜோடி. மறுபடி சிரிப்பு. வேறொன்றும் இல்லை.

இல்லை, ஒன்று இருக்கிறது. சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. பிரிந்திசியில் பதினோரு வருடமாகப் பாக்கெட்டைக் கிழித்துக் கொதிநீரில் கொட்டித்தான் தின்கிறேன். பாஸ்தா என்றால் வயிறு நிரம்புவதற்கு என்றே நினைத்திருந்தேன். இது பல்லில் கொஞ்சம் எதிர்த்து நின்றுவிட்டுப் பிறகு விட்டுக்கொடுக்கிறது. இரண்டாவது தட்டு கேட்க வாய் வரவில்லை. அந்த ஏழு பேர் முன்னாலா?

மே 8, புதன். தாரந்தோ

171/102.

மழை. நாளை லெச்சே.

இன்று நான் செய்ததை எழுதவா வேண்டாமா என்று அரை மணி நேரமாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுதுகிறேன்.

சிப்பி போட்ட பாஸ்தா சாப்பிட்டு முடித்ததும் லுதோவிகாவை ஓரமாகக் கூப்பிட்டேன். "நாளைக்குப் போற வீட்டை நம்பாதம்மா. அந்தப் பொம்பளை கடையில வாங்கித் தான் பண்ணினதுன்னு காட்டுவா. ஊர்ல எல்லாருக்கும் தெரியும்."

அவள் முகம் வெளுத்தது. "நிஜமாவா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"லெச்சேக்காரன்மா நான்."

அவ்வளவுதான். வேறு இடத்துக்கு மாற்றிவிடுவாள் என்று நினைத்தேன். ஆனால் அந்த வடக்கத்திப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? என் கண் முன்னாலேயே அக்காவுக்குப் போன் போட்டு, "மேடம், உங்க மேல ஒரு புகார் வந்திருக்கு" என்று நேராகவே கேட்டுவிட்டாள். சூது வாது தெரியாத ஜன்மம். அந்தப் பக்கம் என்ன கேட்டதோ, "எங்க டிரைவர்... ஒரோன்ஸோன்னு பேரு" என்றாள். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இல்லை.

"நாளைக்கு உங்களை வண்டியில உட்காராம உள்ள வரச் சொன்னாங்க. 'அவன் கண்ணு முன்னாடியே மாவு பிசையறேன்'னு சொன்னாங்க." பிறகு, "உங்க அக்கான்னு சொல்லவே இல்லையே?"



மே 9, வியாழன். லெச்சே

பிரஷர் பார்க்கவில்லை. பார்க்க விருப்பம் இல்லை.

அக்காவுக்கு அறுபத்தைந்து. முடி முழுக்க வெள்ளை. தோள் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. குரல் மட்டும் அதே குரல்.

என்னைப் பார்த்து, "வா" என்றாள். அவ்வளவுதான். பிறகு ஏழு பேரிடமும், "இவன் பரிசோதனைக்கு வந்திருக்கான், நீங்க கத்துக்க வந்திருக்கீங்க. எல்லாரும் கையைக் கழுவுங்க" என்றாள்.

மாவு மூட்டையைப் பிரித்தாள். என் மூக்குக்குக் கீழே ஒரு கைப்பிடி மாவை நீட்டினாள். "மோந்து பாரு. கடை வாசனை அடிக்குதா?" முகத்தைத் திருப்பினேன். "நல்லா மோந்து பாருடா." பல் டாக்டர் இருமினார்.

மாவைத் தேய்த்து, இரண்டு விரல் அகலத்துக்கு நீள நீளமாக வெட்டி, ஒரு முனையை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு மறு முனையை உருட்டினால் திரி போல முறுக்கிக்கொள்கிறது. சாஞ்ஞே. எங்கள் ஊருடையது. எங்கள் வீட்டில் அவள் செய்வாள், நான் தின்பேன். ஒரு நாளும் தொட்டதில்லை. இன்று தொட்டேன். நான்கு நாளில் கை பழகியிருந்ததோ என்னவோ, முதல் தடவையே நன்றாகத் திரிந்தது. லுதோவிகா கூட, "அட, உங்களுக்கு வருதே!" என்றாள்.

அக்கா தலையைத் தூக்கவில்லை. "அவனுக்கு வராம? கயிறு திரிக்கிறது அவனுக்குப் புதுசா?"

நான் கையிலிருந்ததை மேசையில் எறிந்தேன்.

ஜன்னலோரம் ஒரு தட்டு, வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தது. சூழ்நிலையை மாற்ற நினைத்தாரோ என்னவோ, பல் டாக்டர், "இது நமக்கா மேடம்?" என்று துணியை விலக்கப் போனார். அக்கா அவர் கையில் பட்டென்று ஒன்று வைத்தாள்.

"அது பந்தலேயோவுக்கு."

எனக்கு முதலில் காதில் ஏறவில்லை. "எந்தப் பந்தலேயோ?"

"லெச்சேயில எத்தனை பந்தலேயோவுக்கு நீ காலை எடுத்த?"

அவன்தான். ஸ்கூட்டர்க்காரன். வலது கால், முழங்காலுக்குக் கீழே.

"பதினோரு வருஷமா வியாழக்கிழமை வியாழக்கிழமை குடுத்துட்டு வரேன்" என்றாள், மாவைத் தட்டிக்கொண்டே. "முதல் வருஷம் கதவையே திறக்கல. வாசல்ல வெச்சுட்டு வந்ததைக் குப்பையில போட்டான். ரெண்டாவது வருஷம் வாங்கிக்கிட்டான். இன்னும் ஒரு வார்த்தை பேசினதில்ல."

நான் கத்தினேன். ஏழு பேர் முன்னால், அந்தப் பெண் முன்னால். "யாரைக் கேட்டுக் குடுத்தே? வாரா வாரம் தட்டைத் தூக்கிட்டுப் போய், என் தம்பிதான் குத்தவாளின்னு ஊருக்குத் தம்பட்டம் அடிக்கிறியா? வெயிலு கண்ணுல அடிச்சதுன்னு எத்தனை தரம்..."

"ஒரோன்ஸோ." அவள் கத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "சாயங்காலம் அஞ்சரை மணி. கடலைப் பார்த்துப் போற ரோடு. வெயில் முதுகுலதான்டா அடிக்கும்."

மாவைத் தட்டுவதை நிறுத்தினாள்.

"உன் கார்ல நான் பக்கத்து சீட்டுல உட்கார்ந்திருந்தேன்" என்றாள். "உன் காதுல போன் இருந்துச்சு. ஜட்ஜு கேட்டாரு, சொன்னேன். கேட்டிருக்காட்டியும் சொல்லியிருப்பேன்."

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து லுதோவிகா ஒரு தட்டு கொண்டுவந்தாள். தக்காளி, மேலே நாக்கைச் சுடும் அந்தப் புளித்த பாலாடைக்கட்டி. வேண்டாம் என்றேன். டாஷ்போர்டில் வைத்துவிட்டுப் போனாள்.

ஆறிய பிறகு சாப்பிட்டேன். எல்லாவற்றையும். அவளைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டேன்.

மே 10, வெள்ளி

பெர்காமோக்காரர்களை விமான நிலையத்தில் இறக்கிவிட்டேன். பல் டாக்டர் மட்டும் திரும்பி வந்து, "கோபப்படாதீங்க, ஆனா உங்க அக்கா சொன்னது சரி. நான் மேப்பை எடுத்துப் பார்த்தேன். அது கிழக்கே போற ரோடு" என்றார்.

"உங்க வேலையைப் பாருங்க சார்" என்றேன்.

மே 11, சனி

வெயில் இல்லை.

அன்று வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது என் சிநேகிதன் நிக்கோலா போன் செய்திருந்தான். கடற்கரைக்கு எத்தனை தர்பூசணி வாங்கி வர என்று கேட்டான். ரெண்டு போதும் என்றேன். ரெண்டு பத்தாது என்றான். சிரித்துக்கொண்டிருந்தேன். தர்பூசணி! பதினோரு வருடத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை. என்னிடமே சொன்னதில்லை. ஒருவன் காலை எடுத்தது இதற்காக. வெயில் என்று சொன்னால் கொஞ்சமாவது... கௌரவமாக இருந்ததா? தெரியவில்லை. நாயே. நாயே.

மே 23, வியாழன்

விடுமுறை. ரயிலேறி லெச்சே போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் சண்டை முடியவில்லை என்பேன்.

அக்கா கதவைத் திறந்து, "வாசல்ல நிக்காத, உள்ள வா, ஈ வருது" என்றாள்.

"போன் இருந்துச்சு" என்றேன்.

"எனக்குத் தெரியாதா?"

"தெரியும்னு தெரியும். இருந்தாலும் சொல்றேன்."

அவள் மாவுக் கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துவிட்டு என்னை வெகுநேரம் பார்த்தாள். கட்டிப்பிடிப்பாள் என்று ஒரு கணம் பயந்தேன். நல்லவேளை, கட்டையை எடுத்து என் கையில் திணித்தாள். "எனக்குத் தோளு தூக்க முடியல. தேய்."

மூன்று மணி நேரம் தேய்த்தேன். மூன்று மணி நேரமும் திட்டினாள். தடியாக இருக்கிறதாம், ஓரம் பிசிறாம், நடுவில் பள்ளமாம். கோர்ட்டில் சொன்னதற்காக ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. நானும் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை.

கிளம்பும்போது பந்தலேயோவுக்கான தட்டை நீட்டினாள், வேகவைக்காத சாஞ்ஞே. "நீ கொண்டு போ."

"மாட்டேன்."

"அப்ப அவன் பட்டினி கிடக்கட்டும்" என்று கதவைச் சாத்தினாள். தட்டு என் கையில். வஞ்சகி.

தெருமுனை வரை போனேன். அவன் வீட்டு வாசலில் சாய்வுப் பலகை போட்டிருக்கிறார்கள், படிக்கு மேல், காலில்லாதவன் ஏற. அதைப் பார்த்ததும் திரும்பிவிட்டேன். ரயில் நிலைய பெஞ்சில் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். பச்சை மாவு காய்ந்து வெடித்தது.

மே 30, வியாழன்

வேலை. மத்தேரா வண்டி. அக்காவே கொண்டு போனாளாம், தோள் வலியோடு. போனில் அதைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஜூன் 6, வியாழன்

தட்டை அவன் வாசலில் வைத்து, மணியை அடித்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். ஐம்பத்தெட்டு வயதில். தெருவில் ஒரு பெண் என்னைத் திருடன் என்று நினைத்துக் கத்தினாள்.

அக்காவிடம் சொன்னபோது மூக்கு வழியாக மூச்சு விட்டாள். "ஓடறதுக்கு உனக்கு ரெண்டு காலு இருக்கு" என்றாள்.



ஜூன் 13, வியாழன்

முழுக்க நானே செய்தேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணால் மட்டும் திட்டினாள்.

மணியை அடித்துவிட்டு நின்றேன். சத்தம் முதலில் வந்தது: ஒரு அடி, ஒரு தட்டல், ஒரு அடி, ஒரு தட்டல். கதவு திறந்தது. கோர்ட்டில் பார்த்ததை விடக் குண்டாகியிருக்கிறான். கண்ணாடி போட்டிருக்கிறான். என்னைத் தெரிந்துவிட்டது. வாசல் நிலையைப் பிடித்த கை வெளுத்ததிலிருந்து தெரிந்தது.

வழியெல்லாம் பாடம் செய்து வந்த பேச்சு ஒன்று இருந்தது. வெயில் இல்லை, போன் என்று தொடங்கும். "போன்..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

அவன் துணியை விலக்கி, ஒரு சாஞ்ஞேயை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"இது அந்தம்மா கை இல்ல" என்றான்.

"இல்ல. என்னுது."

"தடியா இருக்கு. வேகவே வேகாது."

தட்டை வாங்கிக்கொண்டு முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினான். நான் அங்கேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே பாத்திரத்தில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது.