வயரைப் பிடுங்கியும் கத்தாத மீட்டர்

செவ்வாய், இரவு.

சாக்கடைக் குழியில் இறங்குகிறவர்கள் இடுப்பில் மாட்டும் விஷவாயு மீட்டருக்கு நாங்கள் புரோகிராம் எழுதுகிறோம். சென்சார் வயர் கழன்றால் மீட்டர் கத்த வேண்டும். இன்று டெஸ்டிங்கில் கூட வேலை செய்யும் ஷில்பா வயரைப் பிடுங்கினாள். சத்தமே இல்லை.

மத்தியானம் வரை புரோகிராமைத் துழாவினேன். அதில் தப்பே இல்லை. தப்பு என்னுடையது. நாங்கள் எழுதுவதை மீட்டரின் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரைக் கட்டியபோது, கணக்கு வேகமாக ஓடட்டும் என்று ஒரு ஃபிளாக்கை, அதாவது அதற்கான ஒரு கட்டளையை, நான்தான் சேர்த்தேன். அதைப் போட்டால், சென்சாரிலிருந்து எப்போதும் ஒழுங்கான எண்தான் வரும் என்று கம்பைலர் நம்பிவிடுகிறது. வயர் கழன்றதைக் கண்டுபிடிக்கும் வரி வீண் என்று அதையே தூக்கிவிட்டது. ஒரு எச்சரிக்கைகூடக் காட்டவில்லை.

ஃபிளாக்கை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் திரும்பக் கட்டினேன். மீட்டர் கத்தியது. திரை மட்டும் கொஞ்சம் மெதுவாகிவிட்டது. எங்கள் டீம் லீட் பிரவீண் அதை மட்டும்தான் பார்த்தார்.

"டெமோ முடியட்டும் கவிதா, அப்புறம் மாத்திக்கலாம்."

"ஏற்கெனவே ஒரு பெட்டி மீட்டர் அனுப்பிட்டோம் சார். அதை மாட்டிக்கினுதான் ஆளுங்க இறங்குறாங்க."

"வயர் கழண்டா பார்த்துக்கலாம்."

யார் பார்ப்பது? ரயிலில் எங்கள் ஊர் ஸ்டேஷனான கோரமண்டல் வரை நின்றுகொண்டே வந்தேன். அந்த மீட்டர்களை மாட்ட வேண்டாம், தப்பு என்னுடையது என்று வாங்கியவர்களுக்கு வழியிலேயே மெயில் போட்டேன்.

"இன்னா, வேலை போயிடுமா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"போலாம்" என்றேன்.

மெயிலுக்கு இன்னும் பதில் இல்லை. காலை ஆறு மணிக்கெல்லாம் குழியில் இறங்கிவிடுவார்கள். அவர்களுடைய சூப்பர்வைசர் நம்பர் என்னிடம் இருக்கிறது. தூங்கியிருப்பார். திட்டினால் திட்டட்டும், இப்போதே கூப்பிடுகிறேன்.