கண்காணிப் பாடம்

பெப்ரவரி 8, 2025. சனி

மாத்தளைக்குப் போய் வந்தேன். போதக ஊழியத் தொடர்கல்வி. பெயரே ஒரு முழம். சபைகளில் பெரியவர்களுக்கு வேதபாடம் எடுக்கிறவர்கள் எல்லாரும் இனி இதைப் படித்துச் சான்றிதழ் வாங்க வேண்டுமாம். இல்லாவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது. பதினோரு வருஷமாக ஞாயிறுதோறும் அலுவிகாரையில் பஸ் ஏறி, யட்டவத்தைக்கு மேலே நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துச் சபைக் கோயிலில் பொம்பளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அப்போதெல்லாம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.

படிப்பின் மேல் கோபம் இல்லை. படிக்க எனக்கு ஆசைதான். ஆனால் வகுப்பு நடத்துகிற போதகர் உதயராஜ் ஐயா, அச்சடித்த பாடத்தாள்களைக் கையில் தந்து, "இதுல உள்ளத உள்ளபடி வாசிச்சு விளங்கப்படுத்தினா போதும். சொந்தமா ஒண்ணும் சேக்க வேணாம்" என்கிறார். அப்படியானால் நான் எதற்கு? ஒரு ரேடியோவை வைத்துவிட்டுப் போகலாமே.

பெப்ரவரி 22, சனி

இன்றைய பாடம் "சபையின் கண்காணி". சபையை மேற்பார்க்கிறவருக்கு வேதத்தில் அந்தச் சொல்தான் இருக்கிறது. தப்பில்லை. ஆனால் தோட்டத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் யார் முகம் நினைவுக்கு வரும்? கங்காணி முகம். காலையில் பெரட்டில் வரிசையாக நிற்க வைத்து, பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புகிறவர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போட்டு, பாதி நாள் வேலையை இல்லையென்று ஆக்குகிறவர்.

எழுந்து கேட்டேன். "ஐயா, எங்க ஆளுங்களுக்கு ரெண்டும் ஒரே சொல்லுதான். மேற்பார்வையாளர்னு மாத்திச் சொல்லட்டுமா?"

"வேதத்துச் சொல்ல மாத்த நமக்கு அதிகாரம் இல்ல நிரஞ்சனி. அது ங், இது ண். தெளிவா உச்சரிங்க, விளங்கிடும்."

பின்வரிசையில் சிரித்தார்கள். நானும் உட்கார்ந்துவிட்டேன். ஏன் உட்கார்ந்தேன்? அதை நினைத்தால்தான் ஆத்திரம்.

பெப்ரவரி 23, ஞாயிறு

தாளில் இருந்தபடியே வாசித்தேன். கண்காணியைத் தேவன் ஏற்படுத்தினார், சபை அவருக்குக் கீழ்ப்படிய வேண்டும். ண், ண் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உச்சரித்தேன். ராசையா அண்ணன் முன்பெஞ்சில் இருந்து தலையாட்டிக்கொண்டே இருந்தார். அவர்தான் எங்கள் கோயில் செயலாளர். தோட்டத்தில் கங்காணியும் அவர்தான்.

கொழுந்தெடுக்கிற அழகாயி அக்கா பாதியில் எழுந்து போய்விட்டார்.

மார்ச் 2, ஞாயிறு

பாடத்துக்கு ஒருத்திகூட வரவில்லை. ராசையா அண்ணன் மட்டும். "பொம்பளைங்களுக்கு பக்தி கொறைஞ்சு போச்சு டீச்சர்" என்றார்.

மார்ச் 3, திங்கள்

அழகாயி அக்காவுக்குப் போன் எடுத்தேன். எடுத்த எடுப்பிலேயே கொட்டிவிட்டார்.

"ராசையா அரைப்பேர் போட்டாரு. ஏன்னு கேட்டேன். கங்காணிய சாமியே வச்சது, கீழ்ப்படியணும்னு ஒங்க டீச்சரே கோயில்ல சொன்னாங்கல்லன்னு எல்லாரு முன்னுக்கும் கேக்குறாரு. நீ சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்க்கா. ஆனா அது கண்காணி..."

"என்ன காணியோ. மலையிலதான் அவரு. கோயில்லயாச்சும் அவரு இல்லாம ஒக்காந்து எந்திரிக்கலாம்னு வந்தோம். அதையும் தூக்கி அவரு கையில குடுத்துட்டியே."

அந்த மனுஷனுக்கு என் வாய்தான் கிடைச்சுதா? என் வாயை எடுத்து இவளுங்க தலையில அடிக்கிறதுக்கா நான் பதினோரு வருஷம் பஸ் ஏறினேன்? ராசையா மேல் கோபம். உதயராஜ் ஐயாவின் ங், ண் மேல் கோபம். தெரிந்துகொண்டே வாசித்த என் மேல் எல்லாரையும்விடக் கோபம்.

மார்ச் 8, சனி

நடந்ததை உதயராஜ் ஐயாவிடம் சொன்னேன். "அது விளக்கக் குறைவு" என்றார். யாருடைய குறைவு என்று சொல்லவில்லை. என் பயிற்சிப் பாடத்தைப் பார்க்க இருபத்திமூன்றாம் தேதி தோட்டத்துக்கே வருகிறாராம். அதே பாடத்தைத்தான் எடுக்க வேண்டும். அதில் தவறினால் சான்றிதழ் இல்லை.

மார்ச் 14, வெள்ளி

அந்தப் பகுதியை வேதத்தில் முழுதாக வாசித்தேன். கண்காணி எப்படிப்பட்டவனாக இருக்க வேண்டும் என்று அடுக்கடுக்காக இருக்கிறது. குடிக்கு அலையக் கூடாது, கை நீட்டக் கூடாது, சண்டை இழுக்கக் கூடாது, காசாசை கூடாது. பாடத்தாளில் இதில் ஒன்றுகூட இல்லை. கீழே சின்ன எழுத்தில் "நீளம் கருதிச் சுருக்கப்பட்டது" என்று போட்டிருக்கிறது.

சுருக்கினார்களாம். எதைச் சுருக்கியிருக்கிறார்கள் பார்.

மார்ச் 16, ஞாயிறு

தொழிலாளர் லயத்துக்குப் போய், தாளில் விட்டுப்போன வசனங்களையும் சொல்கிறேன் என்று வீடுவீடாகக் கூப்பிட்டேன். இரண்டு வீட்டில் என் கண் முன்னாலேயே கதவைச் சாத்தினார்கள். அழகாயி அக்கா மட்டும் வாசலில் நின்று கேட்டார்.

"ராசையா ஒக்காந்திருக்கையிலயே சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"பாப்போம்."

மார்ச் 23, ஞாயிறு

வந்தார்கள். ஏழெட்டுப் பேர், கடைசிப் பெஞ்சுகளில். அவர்களுக்கும் பின்னால் உதயராஜ் ஐயா, கையில் பேனாவோடு. முன்னால் ராசையா அண்ணன், வெள்ளைச் சட்டை.

பாடத்தாளை மடித்து வைத்துவிட்டு வேதத்தைத் திறந்தேன். ஆளுக்கொரு தகுதியாக வாசிக்கச் சொன்னேன். தட்டுத்தடுமாறி வாசித்தார்கள். கை நீட்டாதவன் என்கிற இடம் அழகாயி அக்காவுக்கு வந்தது. வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இம்புட்டும் இருந்தாத்தான் கண்காணியா?"

"இம்புட்டும் இருந்தாத்தான்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி கீழ்ப்படியச் சொல்லி வேதம் சொல்லல."

ராசையா அண்ணன் எழுந்தார். "இது என்னய வச்சுப் பேசுறது."

"உங்க பேர இங்க யாருமே சொல்லலியே அண்ணே" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வசனத்தை அடுத்தவள் வாசித்தாள்.

மார்ச் 29, சனி

தவறிவிட்டேன். "பாடத்தாளிலிருந்து விலகினார். சபையில் மனஸ்தாபத்துக்கு இடமளித்தார்." முதலிலிருந்து மறுபடி படித்துத் தேறும்வரை பாடம் எடுக்கக் கூடாது.

மனஸ்தாபமாம். அரைப்பேர் வாங்கினவள் மனசு எந்தக் கணக்கில் சேர்த்தி? உதயராஜ் ஐயாவிடமே கேட்டேன். "உணர்ச்சிவசப்படாதீங்க" என்றார். உணர்ச்சி இல்லாம வேதம் படிக்கிறது எப்படின்னு அதையும் ஒரு பாடமா அடிச்சுத் தாங்க என்று கேட்டிருக்க வேண்டும். பஸ் ஏறினபிறகுதான் தோன்றியது.

"விட்டுத் தொலையேன். ஒனக்கு வேற வேலையே இல்லியா?" என்கிறார் வீட்டுக்காரர். அவருக்கும் இன்று நல்ல திட்டு.

ஏப்ரல் 6, ஞாயிறு

பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். பாடம் இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

அழகாயி அக்கா போன் எடுத்தார். பெரட்டில் ராசையா அண்ணன் மறுபடி சாமி வைத்த கங்காணி என்று தொடங்கியிருக்கிறார். "மிச்ச வசனத்தையும் சொல்லுங்க கங்காணி" என்று ஒருத்தி கேட்டாளாம். அவர் பேச்சை மாற்றிவிட்டாராம். அதன்பிறகு வேறொன்றும் கேட்டார் அக்கா. அந்த மாத்தளைப் படிப்பில் யார் யாரைச் சேர்ப்பார்கள் என்று.

மே 3, சனி

புது வகுப்பு. நான் மறுபடி முதல் பாடத்திலிருந்து. கோபம் போகவில்லை, போகவும் வேண்டாம். முன்வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் அழகாயி அக்காவும் தோட்டத்துப் பொம்பளைகள் இரண்டு பேரும், கோயிலுக்குக் கட்டுகிற சேலையில்.

உதயராஜ் ஐயா ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு, எதற்காகச் சேருகிறீர்கள் என்றும் கேட்டுப் பதிந்தார். அக்கா எழுந்து நின்றார்.

"கண்காணி வேலைக்குங்க." ண் சுத்தமாக விழுந்தது.

ஐயா சிரித்தார். "அம்மா, அதுக்கு ஒரே மனைவியையுடைய புருஷனா இருக்கணும்னு வேதத்துல இருக்கே."

"அது ஒண்ணுதானுங்க எங்கிட்ட இல்ல. மத்ததெல்லாம் இருக்கு."

ஐயா பேனாவைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்து, அக்காவின் பெயரை எழுதிக்கொண்டார்.